மறுதொடக்கத்திற்குப் பின்னும் மானிட்டரின் வண்ண அளவீடு நிலைத்திருக்க: விண்டோஸ் 10, 11க்கான செய்முறை

புகைப்படங்களைத் திருத்துவதற்காகவோ அச்சு வேலைக்காகவோ மானிட்டரின் நிறத்தைப் பொறுமையாகச் சரிசெய்து வைத்தவர்கள், மறுநாள் கணினியைத் திறந்ததும் திரை பழைய நீலச் சாயலுக்கே திரும்பியிருப்பதைப் பார்த்து, செய்த அளவீடு அழிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருப்பதில்லை. அளவீட்டுக் கோப்பு வன்தட்டில் அப்படியே இருக்கும். அதைப் படித்துக் கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்ற வேண்டிய மென்பொருள் ஏற்றத் தவறியிருக்கும், அல்லது அது ஏற்றிய பிறகு வேறொரு மென்பொருள் தன் மதிப்புகளை அதன்மேல் எழுதியிருக்கும். ஆகவே அளவீட்டை மீண்டும் மீண்டும் செய்வதில் பயனில்லை. ஏற்றும் வேலையை யார் செய்கிறார் என்பதை உறுதிசெய்து, அந்த வேலையை ஒருவரிடம் மட்டுமே விடுவதுதான் தீர்வு.

எது எங்கே சேமிக்கப்படுகிறது

மானிட்டரின் பொத்தான்களை அழுத்தினால் திரையில் தோன்றும் மெனுவில் நாம் மாற்றும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், வண்ண வெப்பநிலை ஆகியவை மானிட்டரின் சொந்த நினைவகத்தில் பதிகின்றன. கணினியை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் அவை மாறுவதில்லை.

விண்டோஸில் செய்யும் அளவீடு வேறு வகையைச் சேர்ந்தது. அது ஐசிசி புரொஃபைல் எனப்படும் சிறு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கோப்புக்குள், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொரு நிறத்தின் அளவையும் திரைக்கு அனுப்பும் முன் எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்லும் திருத்தப் பட்டியல் ஒன்று இருக்கும். விண்டோஸ் இந்தப் பட்டியலை நிறத்திற்கு 256 மதிப்புகள் என்ற கணக்கில் கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றுகிறது. மின்சாரம் நின்றாலோ, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மீண்டும் தொடங்கினாலோ கார்டில் இருக்கும் பட்டியல் காலியாகிவிடும். எனவே ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் யாராவது அதைப் புதிதாக ஏற்றியாக வேண்டும். இந்த வேறுபாடு மனத்தில் இருந்தால், கீழே வரும் படிகளில் எதை ஏன் செய்கிறோம் என்பது தானாகவே விளங்கும்.

முதல் படி: அளவீட்டைச் செய்தல்

புரொஃபைல் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். மற்றவர்கள் மானிட்டரை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, ஜன்னல் வெயில் திரையில் நேரடியாக விழாத நேரத்தில் தொடங்குவது நல்லது. தொடங்கும் முன், இரவில் திரையின் நீலத்தைக் குறைக்கும் விண்டோஸின் நைட் லைட் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் 'காலிபரேட் டிஸ்பிளே கலர்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருந்துவரும் அளவீட்டுக் கருவி திறக்கும். காமா (நடுத்தர நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) பக்கத்தில் வட்டங்களின் நடுவே தெரியும் புள்ளிகள் பின்னணியோடு கலந்து மறையும் வரை நகர்த்தியை மெல்ல நகர்த்த வேண்டும். அடுத்து வரும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் பக்கங்களில் நகர்த்தி எதுவும் இருக்காது; மானிட்டரின் பொத்தான்களைப் பயன்படுத்தும்படி அவை சொல்லும். அங்கே நீங்கள் செய்யும் மாற்றங்கள் புரொஃபைல் கோப்பில் சேராமல் மானிட்டரிலேயே தங்கும். பின்னர் யாராவது மானிட்டரின் மெனுவில் 'ரீசெட்' கொடுத்துவிட்டால், கோப்பு சரியாக ஏற்றப்பட்டாலும் திரை தவறாகத்தான் தெரியும் என்பதால், அந்த எண்களை ஒரு தாளில் குறித்துவைத்துக் கொள்ளுங்கள். கடைசியாக வரும் வண்ணச் சமநிலைப் பக்கத்தில், சாம்பல் பட்டைகளில் எந்த நிறச் சாயலும் தெரியாதபடி மூன்று நகர்த்திகளையும் அமைத்து, 'ஃபினிஷ்' பொத்தானை அழுத்துங்கள்.

இந்தக் கருவி முழுக்கக் கண்ணை நம்பியது என்பதை மறந்துவிட வேண்டாம். வெண்புள்ளி (திரையில் வெள்ளை நிறத்தின் சாயல்) 6500 கெல்வின், காமா 2.2 என்று துல்லியமாக அமைக்க வேண்டிய அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு, திரையின்மேல் வைத்து அளக்கும் கலரிமீட்டர் கருவியே பொருத்தமானது.

இரண்டாம் படி: புரொஃபைலை மானிட்டரோடு இணைத்தல்

தேடல் பெட்டியில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறங்கள். 'டிவைசஸ்' தாவலின் மேற்பகுதியில் உள்ள பட்டியலில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு மானிட்டர்கள் வைத்திருப்பவர்கள் 'ஐடென்டிஃபை மானிட்டர்ஸ்' பொத்தானை அழுத்தினால், எது ஒன்று, எது இரண்டு என்று திரைகளிலேயே பெரிய எண்கள் தோன்றும். ஒரே மாடலில் வாங்கிய இரண்டு மானிட்டர்களாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரொஃபைல் தேவைப்படும். ஒன்றினுடையதை மற்றதற்குப் போடுவது சரிவராது.

மானிட்டரைத் தேர்ந்தெடுத்ததும் அதன் கீழே உள்ள 'யூஸ் மை செட்டிங்ஸ் ஃபார் திஸ் டிவைஸ்' என்ற பெட்டியில் டிக் போடுங்கள். பலர் தவறவிடும் இடம் இது. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் உங்கள் தேர்வை விட்டுவிட்டுக் கணினியின் பொது அமைப்பையே பின்பற்றும். அதன் பிறகு கீழே உள்ள பட்டியலில் உங்கள் புரொஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் படியில் உருவாக்கிய கோப்பு, எஸ்ஆர்ஜிபி டிஸ்பிளே புரொஃபைல் என்று தொடங்கும் நீளமான ஒரு பெயரோடு தெரியும். உங்கள் பெயரோ மானிட்டரின் பெயரோ அதில் இருக்காது என்பதால், முதல்முறை பார்ப்பவர்கள் அதை விண்டோஸின் சொந்தக் கோப்பு என்று நினைத்து நீக்கிவிட வாய்ப்புண்டு. கோப்பு பட்டியலில் இல்லையென்றால் 'ஆட்' பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசியில் அதைத் தேர்ந்தெடுத்து 'செட் ஆஸ் டிஃபால்ட் புரொஃபைல்' பொத்தானை அழுத்துங்கள்.

மூன்றாம் படி: ஏற்றும் பொறுப்பை விண்டோஸிடம் ஒப்படைத்தல்

முழுச் செய்முறையின் உயிர்நாடி இந்தப் படிதான். அதே சாளரத்தில் 'அட்வான்ஸ்டு' தாவலுக்குச் செல்லுங்கள். அங்கே 'யூஸ் விண்டோஸ் டிஸ்பிளே காலிபரேஷன்' என்ற பெட்டி மங்கலாக, தொட முடியாத நிலையில் இருக்கும். அது கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவான அமைப்பு என்பதால் நிர்வாகி அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. எனவே அந்தத் தாவலில் உள்ள 'சேஞ்ச் சிஸ்டம் டிஃபால்ட்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். பார்ப்பதற்கு முந்தையதைப் போலவே இருக்கும் இன்னொரு சாளரம் திறக்கும். அதிலும் 'அட்வான்ஸ்டு' தாவலுக்குச் சென்றால் இம்முறை அந்தப் பெட்டியில் டிக் போட முடியும். டிக் போட்டுவிட்டு, அருகில் உள்ள 'ரீலோட் கரன்ட் காலிபரேஷன்ஸ்' பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். திரையின் நிறம் அந்தக் கணமே மாறினால் கோப்பிலும் இணைப்பிலும் குறையில்லை என்று பொருள். பின்னாளில் நிறம் மாறியதாகச் சந்தேகம் வரும்போதெல்லாம் முதலில் சோதிக்க வேண்டியது இந்தப் பொத்தானைத்தான்.

நான்காம் படி: உண்மையிலேயே நிற்கிறதா என்று சோதித்தல்

நுட்பமான அளவீடாக இருந்தால், மறுதொடக்கத்திற்குப் பின் அது ஏறியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்வது கடினம். ஆகவே சோதனைக்காக மட்டும் அளவீட்டுக் கருவியை இன்னொரு முறை ஓட்டி, வண்ணச் சமநிலைப் பக்கத்தில் நீல நகர்த்தியைக் கணிசமாகக் குறைத்து, திரை நன்றாக மஞ்சளாகத் தெரியும்படி ஒரு புரொஃபைலைச் சேமியுங்கள். பிறகு கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். உள்நுழைந்த சற்று நேரத்தில் திரை மஞ்சளாக மாறினால் ஏற்றும் வேலை ஒழுங்காக நடக்கிறது. அடுத்து 'ஷட் டவுன்' கொடுத்து அணைத்துத் திறந்து பாருங்கள். ஸ்லீப் நிலைக்கு அனுப்பி எழுப்பியும் பாருங்கள். மூன்று நிலையிலும் மஞ்சள் நிலைத்தால், இரண்டாம் படியில் சொன்ன இடத்திற்கே சென்று உங்கள் நல்ல புரொஃபைலை மீண்டும் டிஃபால்ட் ஆக்கிவிட்டு, மஞ்சள் கோப்பை நீக்கிவிடலாம்.

மூன்றையும் தனித்தனியே சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால் இயங்குதளத்தின் மையப் பகுதி முழுமையாக மூடப்படாமல் வன்தட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுப்பப்படும். 'ரீஸ்டார்ட்' மட்டுமே எல்லாவற்றையும் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும். ரீஸ்டார்ட்டில் சரியாக இருக்கும் நிறம் ஷட் டவுனுக்குப் பின் மட்டும் போய்விட்டால் சந்தேகம் இந்த வசதியின்மேல் விழ வேண்டும். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று, பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் இதை அணைக்கலாம். கணினி தொடங்கச் சில விநாடிகள் கூடும், அவ்வளவுதான்.

ஸ்லீப் நிலையிலிருந்து எழும்போது மட்டும் நிறம் போகிறதென்றால் பணிகளைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவியான 'டாஸ்க் ஷெட்யூலர்' உதவும். அதைத் திறந்து மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்கலர்சிஸ்டம் என்ற வரிசையில் உள்ளே சென்றால் 'காலிபரேஷன் லோடர்' என்ற பணி இருக்கும். நீங்கள் உள்நுழையும்போது பட்டியலை ஏற்றுவது இதுதான். அது 'டிசேபிள்டு' நிலையில் இருந்தால் வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள். பின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டிரிக்கர்ஸ்' தாவலில் 'நியூ' அழுத்தி, 'ஆன் வொர்க்ஸ்டேஷன் அன்லாக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பூட்டிய திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அளவீடு மீண்டும் ஏற்றப்படும். அதே இடத்தில் தாமதம் அமைக்கவும் வழி இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் மென்பொருள் பிந்தித் தொடங்கி நிறத்தை மாற்றிவிடும் கணினிகளில் 30 விநாடித் தாமதம் நல்ல பலன் தரும்.

மேலே எழுதுபவர்களைக் கண்டுபிடித்தல்

உள்நுழைந்ததும் நிறம் ஒரு கணம் சரியாகி, உடனே மீண்டும் கெட்டுப்போவதைக் கண்டால், இரண்டாவதாக ஒரு மென்பொருள் குறுக்கிடுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். நைட் லைட், எஃப்.லக்ஸ் போன்ற இரவு நேரக் கருவிகள், இன்டெல் அல்லது என்விடியா கன்ட்ரோல் பேனலின் வண்ண அமைப்புகள், காமாவைத் தாமே மாற்றும் சில கேம்கள் ஆகியவை வழக்கமாக இதைச் செய்பவை. கன்ட்ரோல் பேனல்களில் வண்ணப் பகுதியை இயல்பு நிலைக்குத் திருப்பிவிட்டு, இரவு நேரக் கருவிகளை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். இரவு நேரக் கருவியும் துல்லியமான அளவீடும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட தேவைகள். நிறம் முக்கியமான வேலை செய்யும் கணினியில் முன்னதை விட்டுவிடுவதே என் பரிந்துரை.

கலரிமீட்டர் வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றோடு வரும் மென்பொருளும், இலவசமாகக் கிடைக்கும் டிஸ்பிளேகால் மென்பொருளும் அளவீட்டை ஏற்றுவதற்குத் தமக்கென்று ஒரு லோடரை வைத்திருக்கின்றன. அதைப் பயன்படுத்த முடிவு செய்தால் மூன்றாம் படியில் போட்ட டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால், கடைசியாக ஏற்றியவர் யார் என்பதைப் பொறுத்து நாளுக்கொரு நிறம் வரும்.

எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருளையும் அதிக வீச்சில் காட்டும் முறை) நிலையில் இயங்கும் மானிட்டருக்கு இந்தச் செய்முறை பொருந்தாது. விண்டோஸ் 11இல் அதற்கென்று தனி அளவீட்டுச் செயலியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தருகிறார்கள்.

கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகும், மானிட்டரின் கேபிளை வேறு துளையில் செருகிய பிறகும், விண்டோஸ் அதைப் புதிய மானிட்டராகக் கருதிப் பழைய இணைப்பை விட்டுவிடக்கூடும். அப்போது இரண்டாம் படியை மட்டும் திரும்பச் செய்தால் போதும். புரொஃபைல்கள் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், டிரைவர்ஸ் என்ற வரிசையில் உள்ளே சென்றால் வரும் 'கலர்' கோப்புறையில் இருக்கும். விண்டோஸையே மீண்டும் நிறுவ நேர்ந்தால் அந்தக் கோப்புறையும் போய்விடும் என்பதால், உங்கள் கோப்பின் நகல் ஒன்றை, மானிட்டரின் பெயரையும் அளவீடு செய்த தேதியையும் கோப்புப் பெயராக இட்டு, பென் டிரைவிலோ வேறு டிரைவிலோ எடுத்துவைத்துக் கொள்ளுங்கள்.