செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் பலர், செட்டிநாட்டை மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் அரை நாளில் முடித்துக்கொள்ளும் இடமாகத் திட்டமிடுகிறார்கள். கானாடுகாத்தானில் இறங்கி நாலு வீட்டு வாசலில் நின்று படம், காரைக்குடியில் ஒரு சாப்பாடு, அப்புறம் வண்டி கிளம்பிவிடும். அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பத்து வீட்டை வாசலோடு பார்ப்பதைவிட, ஒரே வீட்டை முகப்பிலிருந்து பின்கட்டு வரை நிதானமாகப் பார்ப்பது மேல். அதற்கு ஒரு முழுப் பகலாவது வேண்டும். இரண்டு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே அரண்மனை என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்களுக்குச் சொந்தமான வீடுகள். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டி முடித்த அரண்மனையும் அந்தக் குடும்பத்தின் தனிச் சொத்துதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவியவர் அவர். வழக்கமாக அந்த அரண்மனைக்குள் யாரையும் விடுவதில்லை. வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். காவலுக்கு இருப்பவரிடம் கெஞ்சியோ பணத்தை நீட்டியோ உள்ளே போகப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவருடைய வேலைக்கே வினையாகிவிடும். காரைக்குடியில் 1941இல் கட்டப்பட்ட ஆயிரம் ஜன்னல் வீட்டையும் தெருவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? ஆத்தங்குடிக்குப் போங்கள். கார் ஓட்டுநரிடம் ஆத்தங்குடி அரண்மனை என்று சொன்னால் போதும், நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுவார். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். மரத்தால் இழைத்து வண்ணம் தீட்டிய அதன் மேற்கூரையைப் பார்க்கக் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நிற்கலாம். இன்னொரு வழி, விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடு ஒன்றில் தங்குவது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் அப்படிச் சில இருக்கின்றன. வாடகை கூடுதல்தான். ஆனால் மற்றவர்கள் கிளம்பிப்போன பிறகு, சாயங்கால வெயில் முற்றத்துத் தூண்களில் ஏறி இறங்குவதை உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கும். முன்கூட்டியே சொன்னால் தங்காதவர்களுக்கும் மதியச் சாப்பாடு போடுகிற விடுதிகள் உண்டு. அதைச் சாக்காக வைத்து வீட்டையும் பார்த்துவிடலாம்.

இன்னும் சில வீடுகள், காவலுக்கு இருப்பவர் திறந்துவிட்டால் பார்க்கக் கிடைப்பவை. அங்கே வாசலில் நின்று குரல் கொடுங்கள். வயதான பெண்மணி வந்தால் “ஆச்சி” என்று கூப்பிடுங்கள், ஆணாக இருந்தால் “ஐயா” அல்லது “அண்ணே”. எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள், பூர்வீகம் எது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் பல கதவுகள் திறக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். பூட்டிய அறைக் கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டாம். பூசை அறையைப் படம் எடுக்க வேண்டாம். வீட்டைக் காட்டியவருக்கு நூறு, இருநூறு கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குள் எதைப் பார்ப்பது?

கண் முதலில் சரவிளக்கிலும் கண்ணாடியிலும் போய் நிற்கும். நில்லாமல் நடங்கள். இந்த வீடுகள் அகலத்தைவிட நீளத்தில் கட்டப்பட்டவை. முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். எல்லா வாசல் நிலையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்திருப்பார்கள். முன் நிலையில் நின்று பார்த்தால், கதவுகள் திறந்திருக்கும் நாளில் பின்கட்டு வெளிச்சம் தெரியும்.

முகப்பும் திண்ணையும் ஆண்கள் வரவு செலவு பேசிய இடம். அங்கேதான் பகட்டெல்லாம். பர்மா தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட சுவர் ஓடு, இங்கிலாந்து இரும்பு உத்தரம். தலைவாசல் நிலையை மட்டும் கால் மணி நேரம் பார்க்கலாம். கஜலட்சுமி, யாளி, கிளி, கொடி என்று விரல் நுழையாத இடுக்கில்கூடச் செதுக்கியிருப்பார்கள். அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பத்தி என்ற தாழ்வாரம், பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அறைகள் சின்னவை. இவ்வளவு பெரிய வீட்டில் ஏன் இத்தனை சின்ன அறை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அறை, சாமானையும் சீர்வரிசையையும் வைத்துப் பூட்டுவதற்கு. பகல் வாழ்க்கை முழுக்கப் பத்தியிலும் முற்றத்திலும்தான்.

அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டில் பந்திக்கூடம், மூன்றாம் கட்டில் பெண்களின் புழக்கம், கடைசியில் அடுப்படி. பின்னே போகப் போகச் சலவைக்கல் மறைந்து கல்தூணும் சாதாரணத் தரையும் வந்துவிடும். பலர் இரண்டாம் கட்டோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அடுப்படி வரை போங்கள். ஆட்டுக்கல், அம்மி, ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த அண்டா, நெல் கொட்டும் இடம், வற்றல் காயவைக்கும் முற்றம் எல்லாம் அங்கேதான். தொழிலுக்காகக் கடல் கடந்து போன ஆண்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர் வருவது வழக்கமாக இருந்தது. அத்தனை காலமும் இந்த வீட்டை நடத்தியது ஆச்சிமார்கள். அவர்கள் நடத்திய பகுதியைப் பார்க்காமல் வந்தால் வீட்டைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சுவரை உள்ளங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பை நன்றாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பல பூச்சாகப் பூசி இழைத்த சுவர் அது. நூறு வருடம் ஆகியும் வழவழப்பும் குளிர்ச்சியும் அப்படியே இருக்கும். மழைத்தண்ணீர் ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழுந்து, தெருக் கால்வாய் வழியாக ஊருணி என்ற ஊர்ப் பொதுக் குளத்துக்குப் போகும்படி ஊரையே திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள். இவ்வளவு வறண்ட பூமியில் அந்த யோசனைதான் எனக்குச் சரவிளக்கைவிடப் பெரிதாகப்படுகிறது. வீட்டைப் பார்த்து முடித்ததும் ஊருணிக் கரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வீடுகளோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நகரத்தாரின் லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் கொழும்பு, பினாங்கு, இரங்கூன், சைகோன் என்று பரவியிருந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் அவர்கள் கட்டியது. அந்த ஊர்களில் சம்பாதித்த வட்டிதான் இங்கே தேக்காகவும் சலவைக்கல்லாகவும் நிற்கிறது. ரப்பர் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் நெல் வயலுக்கும் போன கடன் அது. உங்கள் பாட்டனார் பால் மரம் வெட்டிய தோட்டத்துக்குப் பணம் கொடுத்தவர் வீட்டு முற்றத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்கலாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகளால் கடனை அடைக்க முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. அங்கே எழுந்த கசப்பும் உண்மை. 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்களின் இழப்பும் உண்மை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள். பெரிய வீடுகள் அதற்குப் பிறகு ஏன் அதிகம் எழவில்லை என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

பாதி வீடு பூட்டிக் கிடப்பதற்கும் காரணம் கேட்பார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் எல்லாரும் கூடுவார்கள். பழுது பார்க்க எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், பணமும் போட வேண்டும். ஒத்துப்போகாத வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்துவிடுகின்றன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுப்பு 2014இலிருந்து இருக்கிறது. அதனால் மட்டும் ஒரு வீடும் நின்றுவிடாது. கட்டணம் கொடுத்துப் பார்க்கிற, பழைய வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரும் ஓடு மாற்றுகிற செலவில் கொஞ்சம் ஏற்றுக்கொள்கிறார்கள்.

போக்குவரத்தும் மற்றவையும்

திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையத்திலிருந்தும் காரைக்குடிக்குக் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் எழும்பூரில் பல்லவன் ரயிலில் ஏறினால் அன்று இரவே காரைக்குடியில் இறங்கலாம். ஊர்களுக்குள் சுற்ற, காரைக்குடியில் நாள் வாடகைக்குக் கார் பேசிக்கொள்வதே வசதி. டிரைவரின் தினப்படி (பேட்டா) சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரூபாய் நோட்டு, அதிலும் சில்லறை, கையில் இருக்கட்டும். கிராமத்தில் வெளிநாட்டு அட்டையை நம்ப முடியாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். கடவுச்சீட்டு, விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் குடியுரிமை) அட்டை நகலைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள்.

மார்கழி, தை, மாசி நல்ல காலம். சித்திரை வைகாசி வெயிலில் குழந்தைகளை அழைத்து வராதீர்கள். தைப்பொங்கல் கழித்து வரும் முதல் செவ்வாயில் நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். நகரத்தார் குடும்பங்கள் கண்ணாத்தாள் கோயில் முன் வரிசையாகப் பானை வைப்பதைப் பார்க்க அந்த நேரத்தில் வரலாம். ஆனால் அந்த நாட்களில் வீடுகளில் ஆள் நிறைந்திருக்கும், வேடிக்கை பார்க்க உள்ளே விடமாட்டார்கள்.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் படிகளைக் கணக்கில் கொள்ளுங்கள். திண்ணை உயரம், ஒவ்வொரு கட்டுக்கும் நிலைப்படி, சக்கர நாற்காலியை ஆள் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். தரை வழுக்கும், சாக்ஸோடு நடக்க வேண்டாம். கழிப்பறை எல்லா இடத்திலும் இருக்காது, கிளம்புமுன் விடுதியிலேயே போய்விடச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு வீடு சலித்துப்போனால் ஆத்தங்குடியிலேயே தரைக்கல் செய்யும் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தபின் கண்ணாடி கழன்று வரும். அந்தப் பளபளப்பு முழுவதும் கண்ணாடி கொடுத்தது, சூளை கிடையாது. கேட்டால் பிள்ளைகளையும் ஒரு கல்லில் சாயம் ஊற்ற விடுவார்கள். பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பக்கத்திலேயே இருப்பதால் கோயிலைக் காலையில் முடித்துவிடுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள், 2023இல் திறந்தது. மதுரை வழியாகத் திரும்புகிறவர்கள் கொஞ்சம் சுற்றிப் போய் அதையும் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோழிக் குழம்போடு நிறுத்திவிடாமல் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், வெண்டைக்காய் மண்டி, கவுனி அரிசி இனிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, வாங்குவது பற்றி. முனீஸ்வரன் கோவில் தெருவில் ஆசைப்படாமல் வர முடியாது. பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, மரப்பெட்டி, பழைய கணக்கேடு எல்லாம் கிடைக்கும். ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடமும் அதற்கு மேலும் ஆன பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஓலைச்சுவடி போன்ற அரிய கையெழுத்துப் படிகளுக்கு 75 வருடமே கணக்கு. பழசாகத் தெரியும் எதை வாங்கினாலும், அது தொல்பொருள் ஆகாது என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டுதான் பெட்டியில் வைக்க வேண்டும். விமான நிலையத்தில் கடைக்காரர் உதவிக்கு வரமாட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மரச்சாமானையும் கொட்டான் என்ற ஓலைக் கூடையையும் இறங்கியதும் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பிரித்த வீட்டின் கதவை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்ததை வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், அப்புறம் ஆத்தங்குடிக் கல் நாலைந்து. கல்லைச் சேலைக்குள் சுற்றிக் கைப்பையில் வைத்தால் உடையாது, எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.