சேர்வராயன் மலையில் பெரிய தார்ப்பாய்க் கூரை அமைக்கும் முறை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இரவு தங்கும்போது, ஆளுக்கொரு சிறு கூடாரம் இருந்தாலும், மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் ஒன்றாக உட்காரவும் பைகளை நனையாமல் வைக்கவும் பொதுவான கூரை ஒன்று தேவைப்படுகிறது. பெரிய தார்ப்பாய் இருந்தால் அந்தக் கூரையை அரை மணி நேரத்துக்குள் எழுப்பிவிடலாம். ஆனால் தார்ப்பாயை விரித்துக் கட்டுவது மட்டுமே வேலை என்று எண்ணிவிடக் கூடாது. அதன் மேல் விழும் நீர் எந்த வழியாக இறங்கும் என்பதைக் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதால், உரிமையாளரின் ஒப்புதலோடு தனியார் தோட்டத்தில் தங்குவதே முறையானது.

தேவையான பொருட்கள் சிலவே. 15 அடிக்கு 18 அடி அளவுள்ள, 120 ஜிஎஸ்எம் (அதாவது ஒரு சதுர மீட்டர் 120 கிராம் எடையுள்ள) பிளாஸ்டிக் தார்ப்பாய் ஏறத்தாழ மூன்று கிலோ எடை இருக்கும், ஒருவரே சுமந்துவிடலாம். அதே அளவில் 200 ஜிஎஸ்எம் வாங்கினால் எடை ஐந்து கிலோவாகும். லாரிச் சுமைக்கு அந்தத் தடிமன் சரி, ஓரிரு இரவுக்கு அது வீண் பாரம் என்பது என் கருத்து. கூரையின் முகட்டுக்கு 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு 50 அடி, ஓரங்களை இழுத்துக் கட்ட 6 மில்லிமீட்டர் கயிறு 12 அடித் துண்டுகளாகப் பத்து, ஒரு அடி நீளமுள்ள இரும்பு முளைகள் பத்து, ஒரு சுத்தியல், இரண்டு பழைய சாக்கு ஆகியவை போதும்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் நேராக வளர்வதால் கயிறு கட்ட ஏற்றவை போலத் தோன்றும். அவற்றின் கிளைகளோ பலத்த காற்றில் முறியக்கூடியவை; ஆகவே கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளையோ பாதி முறிந்து தொங்கும் கிளையோ இருந்தால் வேறு மரத்துக்குப் போய்விடுங்கள். பல மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். கொடியின் மேல் கயிறு இறுகினால் தோட்டக்காரரின் மகசூல் போய்விடும் என்பதால் அத்தகைய மரங்களையும் தவிர்க்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை நேரத்து இடிமழை வழக்கமானது. ஆகையால் தனித்து நிற்கும் உயரமான மரத்தடியும் மலை முகடும் கூடவே கூடாது. தரையில் காட்டெருமையின் குளம்படியும் சாணமும் தென்பட்டால் அது அவற்றின் தடம் என்று கொண்டு விலகிவிடுவது நல்லது. தரை சற்றே மேடாக இருந்தால் மழைநீர் தானாக விலகி ஓடும். கூரையைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. காப்பிச் செடியின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் தோட்டத்துக்குள் மண்வெட்டியைத் தொடாமல் இருப்பதே சரி.

அடுத்து முகட்டுக் கயிறு. 22 முதல் 25 அடி இடைவெளியுள்ள இரண்டு மரங்களில், பட்டை காயப்படாதபடி சாக்கைச் சுற்றி, ஆறடி உயரத்தில் கயிற்றைக் கட்ட வேண்டும். முதல் மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக முடிச்சிடுங்கள். இரண்டாவது மரத்துக்கு நான்கடி முன்பாகக் கயிற்றை இரட்டையாக மடித்து முடிச்சுப் போட்டு, உருவிக்கொள்ளாத ஒரு கண்ணி அமைத்துக்கொள்ளுங்கள். அந்த முடிச்சு இறுகும் முன் அதற்குள் விரல் தடிமனுள்ள ஒரு குச்சியைச் செருகிவைத்தால் காலையில் அவிழ்ப்பது எளிது. மீதிக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து, மரத்தை நோக்கித் திருப்பி இழுத்தால், கையின் பலத்தைக் காட்டிலும் கூடுதல் இறுக்கம் கிடைக்கும். லாரிகளில் பாரம் கட்டுபவர்கள் நாள்தோறும் செய்வது இதைத்தான்.

தார்ப்பாயின் 18 அடி நீளம் கயிற்றின் போக்கிலும், இருபுறமும் ஏழரை அடி சரிவாகவும் விழும்படி அதைக் கயிற்றின் மேல் போடுங்கள். 15 அடி ஓரங்களின் நடுவிலுள்ள கண்களை, அதாவது கயிறு கோக்கும் துளைகளை, முகட்டுக் கயிற்றோடு எதிரெதிர்த் திசையில் இழுத்துக் கட்டினால் முகடு சுருக்கமின்றி நிற்கும். பிறகு காற்று வரும் பக்கத்தின் இரண்டு மூலைகளை முதலில் கட்ட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், அக்டோபருக்குப் பின் வடகிழக்கிலிருந்தும் பருவக்காற்று வீசினாலும், பள்ளத்தாக்கின் வளைவு காற்றைத் திருப்பிவிடும் என்பதால், ஒரு துணி நாடாவைத் தொங்கவிட்டு அந்த இடத்திலேயே திசையைப் பார்த்துக்கொள்வது நம்பகமானது. முளையின் தலை கூரையை விட்டு விலகிச் சாயும்படி அடித்தால்தான் அது பிடுங்கிக்கொள்ளாது. இலைமக்கு நிறைந்த இளகிய மண்ணில் முளை நிற்காவிட்டால் அதன் மேல் ஒரு பெரிய கல்லை வையுங்கள்.

இரண்டு ஓரங்களும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்குமாறு இழுத்தால், உள்ளே ஏறத்தாழ 13 அடி அகலம் கிடைக்கும். சரிவும் போதுமானதாக இருக்கும். காற்று பலமானால் அந்தப் பக்கத்து ஓரத்தை முழுவதுமாகத் தரையோடு இறக்கிவிடலாம். மூலைகளை மட்டும் கட்டிவிட்டு நிறுத்துவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் விடும் குறை. நீண்ட ஓரத்தின் நடுவிலும் இரண்டு மூன்று கண்களில் கயிறு கொடுக்காவிட்டால் அங்கே பாய் தொய்ந்து நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் நீர் நின்றாலே அது பத்து கிலோ. ஐந்து சென்டிமீட்டர் நின்றால் ஐம்பது கிலோ. அந்தப் பாரத்தில் முதலில் கிழிவது கண்கள்தாம். கண் கிழிந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் பாயோடு சேர்த்துப் பொட்டலமாகப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுத்தால் புதிய கண் கிடைத்துவிடும். ஒரு மூலையை மற்றவற்றைவிட அரை அடி தாழ்த்திக் கட்டினால் நீர் அந்த ஒரே இடத்தில் வடியும். அங்கே வாளி வைத்துப் பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

கூரை சரியாக இருந்தும் உள்ளே சொட்டினால் முகட்டுக் கயிற்றைப் பாருங்கள். மரத்தில் வழியும் நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். பாய் தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் வெளியே, இரண்டு பக்கமும் பருத்தித் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே கீழே இறங்கிவிடும். நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால், படுக்கப் போகும் முன் எல்லாக் கயிறுகளையும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் பாய் அனல் பட்டாலே உருகும்; கூரைக்குக் கீழே விறகு மூட்டவே கூடாது. அடுப்பை வெளியே, காற்று போகும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மரத்தில் ஒரு துண்டுக் கயிறுகூட மிஞ்சாமல் அவிழ்த்துவிடுங்கள். பனிமூட்டத்தில் தார்ப்பாய் அங்கே காயாது. ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு மலையிறங்கி, சேலத்து மொட்டை மாடியில் ஒரு பகல் விரித்துப் போட்டு, சேறு உதிர்ந்த பிறகு கண்களெல்லாம் வெளிப்பக்கம் வருமாறு மடித்து வைத்தால், அடுத்த முறை இருட்டிலும் தடவிப் பார்த்தே கட்டத் தொடங்கலாம்.