பாடசாலை மேடையில் அன்ரிகனி: சொல் விளங்க ஒரு செய்முறை

கதை சுருக்கமாக: தீப்ஸ் நகர அரசன் கிரெயோன், துரோகி என்று ஒருவனின் பிணத்தை அடக்கக்கூடாது என்று கட்டளையிடுகிறான். செத்தவனின் சகோதரி அன்ரிகனி அதை மீற, அவளைக் குகையில் அடைக்கிறான். அவளை மணக்க இருந்த ஹேமன் கிரெயோனின் மகன். கிரெயோன் மனம் மாறிப் போகும்போது அவள் உயிரோடில்லை. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சொஃபோக்கிளிஸின் இந்தத் துன்பியலில் மூன்று பேர் சாகிறார்கள், ஒரு சாவுகூடப் பார்ப்பவர் கண்முன் நடப்பதில்லை. எல்லாம் தூதன் வாயால் வருகிற சேதி. அதனால் செற், லைற் எல்லாம் பிறகு. கடைசி வாங்கில் இருக்கிறவருக்குச் சொல் விளங்கவேண்டும். இங்கே மனதில் இருப்பது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சாதாரண மண்டபம்: சீற் கூரை, அரைச் சுவர், மின்விசிறி இரைச்சல்.

1. வெட்டு

மூலத்தில் ஏறத்தாழ 1,350 அடி. ஒரு பாடவேளை அளவுக்கு, அதாவது 40 நிமிடத்துக்குள் கொண்டுவர, கோரஸ் (சேர்ந்து பாடிப் பேசும் குழு) பாட்டு ஒவ்வொன்றையும் 10 வரியாக்குங்கள். வம்சப் பெயர் அடுக்குகளை முழுதாக எடுத்துவிடலாம். கிரெயோனும் ஹேமனும் வாக்குவாதப்படும் இடத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம்.

தூதன் பேச்சில் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கு என்பதுதான் கோரஸ் சொல்லும் ஆலோசனை. கிரெயோன் பிணத்தை அடக்கிவிட்டுக் குகைக்குப் போகிறான். “நீளம்” என்று இந்த வரிசையை வெட்டினால், அவன் ஏன் பிந்தினான் என்பதே தெரியாமல் போகும்.

2. ஆள்

ஐந்து நடிகர் போதும். அன்ரிகனியும் குருட்டுத் தீர்க்கதரிசி தைரேசியஸும் ஒருவர், அன்ரிகனியின் சகோதரி இஸ்மெனியும் கிரெயோனின் மனைவி யூரிடிசியும் ஒருவர், காவலனும் தூதனும் ஒருவர், கிரெயோன், ஹேமன். அன்ரிகனி போனபின் ஒரே ஒரு கோரஸ் பாட்டு, உடனே தைரேசியஸ் வருகிறார். அந்தப் பாட்டு 2 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. உடுப்பின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைச் சுற்ற அவ்வளவு நேரம் வேண்டும். குருடரைக் கைபிடித்து வர ஒரு சின்னப் பொடியன். கோரஸுக்கு 9 பேர். சொஃபோக்கிளிஸ் காலத்தில் 15, நம் மேடைக்கு அது நெரிசல்.

3. கோரஸ்: எல்லாரும் சறுக்கும் இடம்

ஒன்பது பேர் ஒன்றாகச் சொன்னால் சத்தம் வரும், சொல் வராது. தமிழில் வினை கடைசியில் நிற்கிறது, மூச்சு முடிவதும் அங்கேதான். “அவனைப் புதைக்கக் கூடாது” என்பதில் “கூடாது” அமுங்கினால் கட்டளையே தலைகீழாகிவிடும். இப்படிச் செய்யுங்கள்:

- வரி ஒன்றுக்கு நான்கு சொல், கூடினால் ஐந்து. அதற்குமேல் போனால் உடையுங்கள்.
- உயிரான சொல்லை முன்னே இழுங்கள்: “கூடாது, அவனைப் புதைக்கக் கூடாது.”
- வரியை ஒருவர் தனியே சொல்லட்டும், கடைசிச் சொற்றொடரை மட்டும் எட்டுப் பேரும் திருப்பிச் சொல்லட்டும். கூத்தில் பிற்பாட்டுக்காரர் செய்வதும் இதுதான், பிள்ளைகளுக்குப் புதிதாகப் பழக்கத் தேவையில்லை.
- கதை தெரியாத ஒருவரை மண்டபத்தின் கடைசியில், மேடைக்கு முதுகு காட்டி இருத்தி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதாத சொல்லைப் பிள்ளை கத்தித் திருத்தவேண்டாம், வசனத்தை மாற்றுங்கள்.

4. மத்தளம், சல்லரி

வசனத்துக்கு அடியில் சல்லரி (கைத்தாளம்) வேண்டவே வேண்டாம். அதன் கூர்ச் சத்தம் ச, ஸ ஒலிகளை விழுங்கிவிடும். கிரெயோனின் முதல் வரவுக்கு மத்தளம் தாராளமாக அடிக்கலாம், வாய் திறந்ததும் கை நிற்கவேண்டும். தூதன் பேசும்போது முழு அமைதி.

5. காவலன்

மற்றவர்கள் பொதுத்தமிழ் பேசட்டும், இவன் ஊர்ப்பேச்சில் வரட்டும்: “ஓடி வந்த எண்டு பொய் சொல்லமாட்டன் ராசா. நிண்டு நிண்டுதான் வந்த. மறுகா, வராட்டி இன்னும் கரைச்சல் எண்டு வந்திட்டன்.” சபை சிரிக்கும், சிரிக்கவேண்டிய இடம்தான் அது.

6. பிணம்: சிரிக்கக்கூடாத இடம்

கிரெயோன் மகனின் உடலோடு வருகிறான். உண்மையான பொடியனைத் தூக்க வைத்தால் கால் இழுபடும், சாரம் நழுவும், சபை வெடித்துச் சிரிக்கும். ஒரு பன்பாயைச் சுருட்டி, மூன்று இடத்தில் கட்டி, வெள்ளைத் துணியால் மூடுங்கள். கிரெயோன் இரண்டு கையாலும் ஏந்தி வரட்டும். நடுவில் ஒரு ரீப்பைத் தடி வைக்காவிட்டால் பாய் வளைந்து தொங்கும்.

7. லைற்

500 வாட் ஹலஜன் ஒன்று 230 வோல்ற்றில் 2 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 5 அம்பியர் பிளக்கில் இரண்டுக்கு மேல் போடவேண்டாம். சூட்டில் கலர்த் தாள் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். என் தெரிவு 50 வாட் எல்ஈடி நான்கு. கொலர் மைக் வாடகைக்கு எடுப்பது வீண்செலவு, துணி உரசும் சத்தம்தான் கேட்கும். மேடை விளிம்பில் இரண்டு ஸ்ராண்ட் மைக் போதும்.

பின்சேர்க்கை

“பெண்கள் பாடசாலை, கிரெயோனுக்கு என்ன செய்ய?” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிள்ளையே நடிக்கட்டும். கிரேக்கத்தில் அன்ரிகனியாக நடித்ததே ஆண்தான். குரலைத் தடிப்பாக்கச் சொல்லவேண்டாம், தொண்டை கட்டும். பேச்சு வேகத்தைக் குறைத்தாலே அதிகாரம் வந்துவிடும்.

மழை பற்றியும் கேள்வி. நவம்பர் முதல் ஜனவரி வரை சீற் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் உதவாது. திகதி மாற்ற முடியாவிட்டால் மேடையை விட்டு இறங்கி மண்டப நடுவில், கூத்தின் வட்டக்களரி போல, சபையைச் சுற்றி இருத்திப் போடுங்கள். கடைசி வாங்கு 40 அடியில் இருந்து 15 அடிக்கு வந்துவிடும்.