'நீங்க யாரு?': நினைவிழப்புத் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது

மாண்டரின் காதல் நகைச்சுவைத் தொடரில் நாயகிக்கு நினைவு போய்விட்டால், சப்டைட்டில் எழுதுபவருக்குச் சிக்கல் மருத்துவமனைக் காட்சியிலேயே தொடங்கிவிடும். கண் விழிக்கிறாள், பக்கத்தில் நிற்கும் கணவனைப் பார்க்கிறாள், 'நி ஷி ஷெய்?' என்கிறாள். நேற்றுவரை கொஞ்சலில் வந்த அதே 'நி'தான் இது. தமிழில் 'நீ யாரு?' என்று போட்டால் சண்டைக்கு நிற்பது போல் இருக்கும். 'நீங்க யாரு?' என்று போட்டால் அவன் அந்நியனாகிவிட்டது ஒரே சொல்லில் தெரிந்துவிடும்.

மாண்டரினில் மரியாதைக்கு 'நின்' உண்டு. ஆனால் காதலர்கள் நடுவே அது அரிது. நெருக்கமும் விலகலும் அங்கே விளிச்சொல்லில்தான் தெரியும். கணவனுக்கு 'லாவ்கொங்', முதலாளிக்குக் குடும்பப் பெயரோடு 'ஸொங்', கல்லூரி மூத்த மாணவனுக்கு 'ஷுவேஜாங்'. ஆங்கில சப்டைட்டிலில் இவை பெரும்பாலும் வெறும் பெயராகிவிடும். அதை மட்டும் பார்த்துத் தமிழாக்கினால் கதையின் பாதி கைநழுவும். மாண்டரின் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை.

முதல் வரி எழுதுமுன் தொடர் முழுவதையும் பார்த்துவிடுங்கள். 40 அத்தியாயமானாலும் சரி, குறுக்குவழி கிடையாது. பிறகு ஒரு அட்டவணை போடுங்கள்: யார் யாரிடம் பேசுகிறார், நினைவு போகுமுன் நீயா நீங்களா, போனபின் என்ன, திரும்பியபின் என்ன. பழைய நினைவாக வரும் காட்சிகளுக்குப் பழைய விளிதான். நாயகன் நினைவிழந்ததுபோல் நடிக்கும் கதைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவன் வாய்தவறி 'நீ' என்று சொன்னதாக நீங்கள் எழுதிவிட்டால், இயக்குநர் 20 அத்தியாயம் பொத்திவைத்த ரகசியத்தை நீங்களே உடைத்தவர் ஆவீர்கள்.

நோயின் பெயரிலும் தடுமாற்றம் உண்டு. 'ஞாபக மறதி' என்றால் சாவியைத் தொலைப்பது. 'மறதி நோய்' என்றால் முதுமை நினைவுக்கு வரும். மருத்துவர் வாயில் 'நினைவிழப்பு', தோழி வாயில் 'பழசெல்லாம் மறந்துபோச்சாம்' போதும். மாண்டரினில் நினைவிழப்புக்கு 'ஷிஇ' என்பார்கள்; அதே ஒலியிலும் தொனியிலும் 'மனமுடைதல்' என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் உண்டு. அதை வைத்துச் சிலேடை வந்தால் பொருளை விட்டுவிட்டுச் சிரிப்பைப் பிடியுங்கள்.

பெயர்களைப் பின்யினை (ஆங்கில எழுத்தில் மாண்டரினை எழுதும் முறை) பார்த்து ஆங்கிலம்போல் படிக்காதீர்கள், காதால் கேட்டு எழுதுங்கள். சிங்கப்பூரில் நமக்கு டான், லிம் என்று பழகிய குடும்பப் பெயர்கள் மாண்டரினில் சென், லின். ஷாங்ஹாய்க் கதைக்குள் டான் வந்தால் அவர் சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து போனவர் போலிருக்கும். அறிமுகமில்லாத பெரியவரை 'ஷூஷு' என்றால் 'அங்கிள்' என்றே போடலாம். அப்பாவின் தம்பி என்றால் சித்தப்பா. சிங்கப்பூர்ப் பேச்சுபோல் வசன முடிவில் 'லா' சேர்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்.

இனி நேரம். ஒரு சப்டைட்டில் இரண்டு வரியைத் தாண்டக்கூடாது; ஒரு வினாடிக்குக் குறையவும் ஏழு வினாடியைத் தாண்டவும் விடாதீர்கள். மென்பொருள் காட்டும் எழுத்தெண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். 'கொ' கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. நான்கு அசையில் முடியும் சீனச் சொற்றொடர் தமிழில் நீளும், ஆகவே எழுவாயை விடுங்கள். வினைமுற்றே அதைச் சொல்லிவிடும். நாயகி மனத்துக்குள் பேசுவதற்குச் சாய்வெழுத்து தமிழில் கண்ணை உறுத்தும், மேற்கோள்குறி போதும்.

சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் எஸ்ஆர்டி (வசனமும் அது தோன்றும் நேரமும் கொண்ட உரைக்கோப்பு) கோப்பாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் திரையெல்லாம் கேள்விக்குறிதான். சப்டைட்டில் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக வசனத்திலிருந்து விலகினால் காரணம் பிரேம் வேகம், அதாவது வினாடிக்கு எத்தனை படச்சட்டங்கள் ஓடுகின்றன என்பது. சீனத் தொலைக்காட்சியில் வினாடிக்கு 25 பிரேம்; சப்டைட்டில் நேரம் 23.976 பிரேமுக்குக் குறிக்கப்பட்டிருந்தால் 45 நிமிட முடிவில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பிசகும். வரிவரியாக நகர்த்தாமல், மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். முதல் வரி முதலே ஒரே அளவு விலகல் என்றால் மொத்தத்தையும் தள்ளினால் போதும்.

உரிமையாளர் அனுமதியின்றித் தொடரைப் பதிவேற்றக்கூடாது. தொண்டூழியர்களைச் சேர்த்துக்கொள்ளும் தளங்கள் இருக்கின்றன, அங்கே எழுதலாம். அனுப்புமுன் ஒலியை அணைத்துவிட்டு வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் 'இவ எப்போ இவன மறந்தா?' என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் விளி தவறியிருக்கிறது.