மறுமலர்ச்சிக் கால இசை: காது ஏமாறும் இடங்கள்

ஏறத்தாழ 1450 முதல் 1600 வரையிலான ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால இசையைக் கேட்டே இனங்காண விரும்புவோர் செய்யும் தவறுகளுள் பல, இசையின் அமைப்பைக் கவனிக்காமல் அதன் ஒலியை மட்டும் நம்புவதால் நேர்பவை. வாத்தியமின்றி லத்தீனில் பாடும் குழுவைக் கேட்டவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாகப் பாடினால், அது பெரும்பாலும் பல நூற்றாண்டுகள் முந்தைய கிரெகோரியன் எனும் ஒற்றை மெட்டுத் தேவாலயப் பாடல் மரபைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

மறுமலர்ச்சிக் கால இசையில் குரல்கள் தனித்தனியே நகர்வதே வழக்கம். 1521இல் மறைந்த இசையமைப்பாளர் ஜோஸ்கின் டெ ப்ரேயின் ‘ஆவே மரியா, விர்கோ செரெனா’ என்ற படைப்பில், உச்சக்குரல் பாடும் சிறு சொற்றொடரை மற்ற மூன்று குரல்களும் மேலிருந்து கீழாக வரிசையாக எடுத்துக்கொள்கின்றன. நான்கில் எதுவும் பக்கபலம் அன்று, நான்கும் மெட்டே. ஆனால் இப்படித் தொடர்ந்து வருவதையே ஒரே அடையாளமாகப் பிடித்துக்கொள்வதும் தவறு. அதே படைப்பின் இறுதி வேண்டுதலில் நான்கு குரல்களும் ஒன்றாக, நீண்ட சுரங்களில் நகர்கின்றன. முடியும் இடத்தில் காந்தாரம் இன்றிச் சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே ஒலிப்பதால், வெறும் பஞ்சமம் என்றாலே இடைக்காலம் என்று படித்து வைத்திருப்பவர் இங்கே கட்டாயம் ஏமாறுவார்.

மறுமலர்ச்சிக்கு அடுத்து வந்த பரோக் கால இசையோடு குழப்பிக்கொள்பவர்கள் கீழ்க்குரலைத் தனியே பின்தொடர்வது நல்லது. அது மற்றக் குரல்களுக்குச் சமமாகப் பாடாமல், ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியத்தோடு சேர்ந்து மேலேயுள்ள ஒற்றை மெட்டைத் தாங்கிக்கொண்டே போனால், பெரும்பாலும் 1600ஐத் தாண்டிவிட்டோம் என்று கொள்ளலாம்.

வாத்திய இசையில் இன்னும் எச்சரிக்கை தேவை. இசைப் பதிப்பாளர் டில்மன் சுசாட்டோ 1551இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்ட நடன இசைத் தொகுப்பு, எல்லா வாத்தியங்களுக்கும் ஏற்றது என்றே வெளிவந்தது. ஆகவே இன்றைய பதிவுகளில் முழங்கும் மேளமும் குழலும் பெரும்பாலும் வாசிப்பவர்களின் தேர்வே. நிதானமான இரட்டைப்படைத் தாளத்தில் பவான் என்ற நடனமும், துள்ளும் மூன்றன் தாளத்தில் கலியார்ட் என்ற நடனமும் இணையாக வருவதைக் கவனிப்பது அதைவிடப் பயன் தரும்.

இசைத்தட்டின் உறையில் அச்சிட்ட இசையமைப்பாளர் பெயரும் முழுச் சான்றாகாது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய லூட் (வீணை போன்ற நரம்பு வாத்தியம்) கலைஞர் பிரான்செஸ்கோ டா மிலானோ இயற்றியதாக 1970இல் சோவியத் இசைத்தட்டொன்றில் வெளிவந்த ‘கன்ஸோனா’, உண்மையில் அதை வாசித்த விளாதிமிர் வாவிலோவே இயற்றியது.