பிரதேச சபையில் ஏஐ: உள்ளகக் கொள்கையும் ஊழியர் பயிற்சியும்

ஏஐ பயன்பாட்டுக்குத் தேசிய வழிகாட்டல் வரும்வரை பொறுத்திருப்போம் என்று இருக்கும் அலுவலகங்களிலும் ஊழியர்கள் சொந்தக் கைபேசியில் ஏஐயிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தடை போட்டால் அதையே ஒளித்துச் செய்வார்கள். ஆகவே நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிரதேச சபைகளும் செயலகங்களும் முதலில் இரண்டு பக்கத்துக்குள் ஓர் உள்ளகக் கொள்கையை எழுதிவிட வேண்டும். எந்த மென்பொருள் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கொள்கையை எழுத உட்காருமுன் கோப்பு அலுமாரியைத் திறந்து, அலுவலகத்தின் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். கூட்ட அறிவித்தல், ஏற்கெனவே பகிரங்கமான சுற்றறிக்கையின் சுருக்கம், எக்செல் சூத்திரம் போன்றவற்றுக்கு ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பொதுமக்கள் முறைப்பாடு, வீதி விளக்குக் கோரிக்கை போன்றவற்றை அடையாளங்களை நீக்கிய பிறகே உள்ளிட வேண்டும். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மேன்முறையீடு, மருத்துவ அறிக்கை, காணிப் பிணக்கு, திறக்கப்படாத கேள்விமனு, ஊழியரின் ஒழுக்காற்றுக் கோப்பு ஆகியவை எந்த நிலையிலும் ஏஐ போன்ற வெளிச் சேவைக்குப் போகக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் இந்த மூன்றாம் பிரிவில் போடுங்கள். அது இரகசியமில்லை. ஆனால் மஞ்சள் அவதானிக்க, செம்மஞ்சள் தயாராக, சிவப்பு வெளியேற என்ற ஒழுங்கு மொழிபெயர்ப்பில் ஒரு சொல் புரண்டாலும் குழம்பிவிடும். நிறுவனம் வெளியிடும் தமிழ் வாசகத்தை அப்படியே ஒட்டுங்கள்.

அடையாளத்தை நீக்குவது என்றால் பெயரை அழிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடையாள அட்டை இலக்கம் பெயரைவிட அதிகம் பேசும். 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே எண்ணி). பெண்ணானால் அதோடு 500 சேர்ந்திருக்கும். 1985க்குப் பின்னால் 652 வந்தால் அது அந்த ஆண்டு மே 31இல் பிறந்த பெண். தோட்டத்து முகவரியும் அப்படித்தான். தோட்டம், டிவிஷன், லய இலக்கம் மூன்றும் ஒன்றாக இருந்தால் குடும்பத்தைக் கண்டுபிடிக்கப் பெயரே தேவையில்லை. ஆகவே பெயர், அடையாள அட்டை, தொலைபேசி, சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம், லய இலக்கம் ஐந்தையும் எடுத்துவிட்டு ‘விண்ணப்பதாரர் அ’ என்று போடுங்கள். உண்மை விவரங்களை வேர்ட் கோப்பில் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சட்ட அடிப்படைக்கு இரண்டு சட்டங்களைக் கொள்கையில் குறிப்பிட்டால் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2025 திருத்தத்தோடு சேர்த்து வாசியுங்கள். அரச நிறுவனம் தரவை வெளிநாட்டுக்கு அனுப்புவதும், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையும் அதில் வருகின்றன. மற்றது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு முடிவுக்கு ஏஐயின் வரைவு அடிப்படையாக இருந்தால் அதன் அச்சுப் பிரதியையும் கோப்பில் போடுங்கள். கையொப்பமிட்டவரே பொறுப்பாளி, ‘கணினி அப்படித்தான் தந்தது’ என்பது விளக்கமாக ஏற்கப்படாது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

கணக்கை அலுவலக மின்னஞ்சலில் திறக்க வேண்டும். சொந்த ஜிமெயிலில் திறந்தால், வருடாந்த இடமாற்றத்தில் உத்தியோகத்தரோடு முழு வேலையும் அடுத்த ஊருக்குப் போய்விடும். அமைப்புகளில் உங்கள் உரையாடல்களை ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தும் தெரிவு இருந்தால் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு நான்கு அரைநாள் ஒதுக்குங்கள், பொதுமக்கள் தினம் தவிர்த்து. ஒரு தடவைக்கு பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு கணினிக்கு இருவர். இயன்றவரை ஒருவர் தமிழில் வேலை செய்பவர், மற்றவர் சிங்களத்தில் வேலை செய்பவர். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போகும் என்பதால் அன்றைய எடுத்துக்காட்டுகளை அச்சடித்து வைத்திருங்கள். ஏஐயின் வரலாறு, எதிர்காலம் பற்றிய ஸ்லைடுகளை விட்டுவிடலாம். அதைக் கேட்டு எவருக்கும் கடிதம் எழுத வந்ததில்லை.

முதல் அமர்வு எழுத்துருவுக்கும் அடையாளம் நீக்குவதற்கும். பழைய கோப்புகள் பெரும்பாலும் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அவற்றை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் ஏஐக்குப் போகும். மோசம் என்னவென்றால், அது புரியவில்லை என்று சொல்லாமல் ஊகித்து ஒரு கடிதமே எழுதித் தந்துவிடும். யுனிகோடுக்கு மாற்றாமல் எதையும் ஒட்டக்கூடாது. மாற்றிக் கொடுக்கும் இணையதளங்களும் வெளிச் சேவைதான் என்பதால் அங்கும் அடையாளம் நீக்கும் விதி பொருந்தும்.

இரண்டாம் அமர்வு மொழிபெயர்ப்பு. அதிக நேரம் வேண்டியது இதற்குத்தான். ஏஐ கற்ற தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். பிரதேச செயலாளரை வட்டாட்சியர் என்றும், மாவட்டச் செயலாளரை ஆட்சியர் என்றும், சேமலாப நிதியத்தை வருங்கால வைப்பு நிதி என்றும் எழுதும். உங்கள் அலுவலகம் அன்றாடம் புழங்கும் ஐம்பது அறுபது சொற்களை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பட்டியலிட்டு, ஒவ்வொரு தடவையும் ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையோடு சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள். பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். தமிழில் ஒரே ப. சிங்களத்தில் ‘பாலன்’ எழுத ஒன்று, ‘பழனி’ எழுத வேறொன்று. ஏஐ ஊகித்து எழுதிய பெயர் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாமல் போனால், அதைத் திருத்த அலையப்போவது அந்தத் தொழிலாளிதான். பெயர்களை ஒருபோதும் மொழிபெயர்க்க விடாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

மூன்றாம் அமர்வில் பயிற்றுநர் முன்கூட்டியே பத்து வரைவுகள் தயாரித்து, நான்கில் பிழை புதைக்க வேண்டும்: இல்லாத சுற்றறிக்கை இலக்கம், மாறிய திகதி, விடுபட்ட ‘அல்ல’, தப்பான கூட்டுத்தொகை. எத்தனையில் பிழை என்று சொல்லாமல் கொடுங்கள். நன்றாக எழுதப்பட்ட வரைவில்தான் பிழை தப்பிப்போகிறது என்பதை அங்கேயே காணலாம். சுற்றறிக்கை இலக்கம் வந்தால் மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தே தீரவேண்டும்.

நான்காவதில் ஆளுக்கொரு உண்மைக் கோப்பைத் தொடக்கம் முதல் கையொப்பம் வரை கொண்டுபோகட்டும்.

அதன் பிறகு ஒரு பதிவேடு: திகதி, கோப்பு இலக்கம், எந்த ஏஐ சேவை, என்ன வேலை, யார் சரிபார்த்தார், என்ன திருத்தினார். மூன்று மாதம் கழித்து செயலாளர் கடைசி நிரலை மட்டும் வாசிக்கட்டும். ஒருவரின் பெயருக்கு நேரே அந்த நிரல் வெறுமையாகவே இருந்தால், அவர் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அவரை மூன்றாம் அமர்வுக்குத் திரும்ப அனுப்புங்கள். ஒரே மொழிபெயர்ப்பாளர் இருக்கும் அலுவலகத்தில் அவர் விடுமுறையில் போகும் நாட்களையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். சரிபார்க்காத கடிதங்கள் வெளியே போவது அந்த நாட்களில்தான். அவருக்குப் பதிலாள் யார் என்பதைக் கொள்கையிலேயே பதவிப் பெயரோடு எழுதிவிடுங்கள்.