ஷர்மிந்தா என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள்

வாணியம்பாடியில் உருது வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் போர்டில் ‘அஷேம்ட் (ashamed) = ஷர்மிந்தா’ என்று, வெட்கம், சங்கடம் எல்லாவற்றுக்கும் வரும் உருதுச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார். பின்வரிசையில் இருந்த எனக்குப் பகீரென்றது. அதே போர்டில் அதே சமக்குறியை நானும் போட்டிருக்கிறேன். ஸ்பெல்லிங், இலக்கணத் தவறெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். சொல்லித்தரும் நாம் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல்

என்னிடம் படித்த பையன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தான். ராத்திரியோடு ராத்திரியாக சாம்பிள் முடித்து அனுப்பியதற்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் (buyer) நான்கு வரி நன்றி எழுதியிருந்தார். உருதுவில் யாராவது அளவுக்கு மேல் பாராட்டினால் ‘ஷர்மிந்தா மத் கீஜியே’ என்பது மரியாதை. ‘ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்குங்க’ என்று நாம் சொல்வோமே, அது மாதிரி. இவன் அதை ‘ப்ளீஸ் டோன்ட் மேக் மீ அஷேம்ட்’ என்று எழுதி அனுப்பிவிட்டான். நான் எங்கே அவமானப்படுத்தினேன் என்று பையர் கேட்க, மேனேஜருக்கும் ஒரு காப்பி போக, பையன் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றான். நோட்டில் இருந்தது நான் எழுதிப்போட்டதுதான். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை, அவன் மேல் இல்லை, அந்தச் சமக்குறி மேல்.

‘ஷர்ம்’ இரண்டு பக்கமும் பேசும் சொல். ‘ஷர்ம்-ஓ-ஹயா’ நல்ல குணம், ‘பேஷர்ம்’ வசவு. நம் வெட்கமும் அப்படித்தானே, கல்யாணப் பெண்ணுக்கு அழகு, ‘வெட்கங்கெட்டவனே’ என்றால் சண்டை. அஷேம்ட் அப்படியல்ல. செய்யக்கூடாததைச் செய்தோம், நம்மிடம் ஏதோ இழிவு இருக்கிறது என்று மனசு உறுத்தினால்தான் அது. நாலு பேர் பார்க்கச் சங்கடமாக நிற்பது எம்பாரஸ்ட் (embarrassed). ஷர்மிந்தா இரண்டையும் தனக்குள் வைத்திருக்கிறது. கூச்ச சுபாவத்துக்கு ஷை (shy). அதற்கு உருதுவிலேயே ‘ஷர்மீலா’ தனியாக இருக்கிறது.

இப்போது நான் முதலில் உருதுச் சொல்லைத் தருவதில்லை. இரண்டு சம்பவம் சொல்கிறேன். அம்மாவின் பர்ஸிலிருந்து கேட்காமல் நூறு ரூபாய் எடுத்தாய். பஸ் ஏறும்போது செருப்பு அறுந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதில் உன் மேல் தப்பு என்று கேட்டால் பிள்ளைகளே பிரித்துவிடுகிறார்கள். அப்புறம்தான் சொல்.

அகராதி உருது

எம்பாரஸ்மென்ட்டுக்கு ‘கஜாலத்’ என்று எழுதிப்போட்டால், வீட்டில் ‘நக்கோ’ (வேண்டாம்), ‘கைக்கு’ (எதுக்கு) என்று தக்னி, அதாவது தென்னாட்டுப் பேச்சு உருது, பேசும் பிள்ளைக்கு அதுவும் புதுச் சொல். இரண்டையும் விளக்க வேண்டியிருக்கும்.

உச்சரிப்பை உருது எழுத்தில் தருவது

வேண்டாம். உருதுவில் குறில் உயிருக்குக் குறி போடாமல்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். பிட் (bit), பட் (but) இரண்டும் ஒன்றுபோல நிற்கும்.

யெஸ்டர்டே = கல்

உருதுவில் நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’தான். வினைச்சொல்லோடு சேர்த்தே சொல்லுங்கள்.

தலையாட்டலை நம்புவது

புரிந்ததா என்றால் மொத்த வகுப்பும் ‘ஹவ்’ (ஆமாம்) என்னும். நம்பாதீர்கள், தன் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஆசிரியையும் மறுநாள் அப்படிக் கேட்டார். எதுவும் பேசாத பெண் ஒருத்தி எழுந்து, காலா (அம்மாவின் சகோதரி) எல்லோர் முன்னாலும் ஈதி என்று பெருநாள் காசு ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்ததைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, ‘ஐ வாஸ் எம்பாரஸ்ட்’ என்றாள்.